பிஸ்கட் ரின்னில் கிடந்த வெள்ளிக் காசு: உருக்குவதா, விற்பதா, வைத்திருப்பதா?

அம்மாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள், அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பிஸ்கட் ரின்னை அக்கா இறக்கினார். மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தோம். மேலே என் முத்திரை அல்பம், தம்பியின் தீப்பெட்டிப் படங்கள், அக்காவின் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், நிலாவெளிக் கரையில் பொறுக்கிய சோகிகள். எல்லாவற்றுக்கும் அடியில், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசுப் பொட்டலம். 1990இல் சாம்பல்தீவிலிருந்து இடம்பெயர்ந்தபோது அம்மா அரிசிப் பைக்குள் புதைத்துக் கொண்டுவந்தது அது.

"எல்லாவற்றையும் விற்றுக் கிணற்றுக் கட்டைத் திருத்துவோம். மிச்சத்தை மூன்றாகப் பிரிப்போம்" என்றார் அக்கா. கனடாவில் இருக்கும் தம்பியோ, "அண்ணா, ஒன்றையும் கொடுத்துவிடாதீர்கள். இங்கே ஏலத்தில் போடலாம்" என்று தொலைபேசியில் மன்றாடினான். அடுத்த வீட்டு மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மகாராணி தலை போட்ட காசு ஒன்று இலட்சக்கணக்கில் போகிறதாம்" என்று ஒரு திரியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். மூவருக்கும் நடுவே நான். இரண்டு மாதம் நகைக்கடை, கொழும்பு, அருங்காட்சியகம் என்று அலைந்த பிறகு ஒன்று பிடிபட்டது: ரின்னை ஒரே பொருளாக வைத்து "விற்பதா, வைத்திருப்பதா" என்று கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொரு காசும் தனி வழக்கு.

எங்கள் ஊரான திருகோணமலையில் இப்படியொரு பொட்டலம் பல வீடுகளில் இருக்கும். காரணம் துறைமுகம். அம்மப்பா டொக்யார்டில் வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கீழைக் கடற்படை இங்கே தரித்து நின்றது. பல நாட்டு மாலுமிகளும் அவர்களுடைய சில்லறையும் ஊருக்குள் புழங்கின. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது ஆட்கள் போனார்கள், சில்லறை தங்கிவிட்டது. அதனால்தான் எங்கள் துணி முடிச்சில் இலங்கைச் சதத்தோடு இந்திய ரூபாயும் இங்கிலாந்து ஷில்லிங்கும் கிழக்காபிரிக்க ஷில்லிங்கும் ஒன்றாகக் கிடந்தன.

முதலில் கேட்க வேண்டியது, வெள்ளியா, இல்லையா என்பது. காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை. 1947ஆம் ஆண்டு இந்திய ரூபாய் நிக்கல், காந்தம் பிடித்து இழுக்கும். ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் நினைக்க வேண்டாம். செப்பும் நிக்கலும் கலந்த காசும் ஒட்டாது, பார்வைக்கும் வெள்ளையாகவே இருக்கும். அந்த இடத்தில் காசின் ஆண்டுதான் சாட்சி.

இலங்கைக்கென்று 50, 25, 10 சத வெள்ளிக் காசுகள் 1892இல் வந்தன. ஒரு பக்கம் அரச தலை, மறுபக்கம் பனை வகை மரம், அதையொட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. 1917 வரை வெளியானவற்றில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919இலிருந்து அது 550 ஆகக் குறைந்தது. 1943இல் 50 சதம் மஞ்சள் நிற நிக்கல் பித்தளையாக மாறிவிட்டது. 50 சதத்தின் எடை 5.83 கிராம். ஆகவே பழையதில் ஏறக்குறைய 4.66 கிராம் தூய வெள்ளி, 1919க்குப் பிந்தியதில் 3.2 கிராம். ஒரே அளவு, ஒரே மரம், உள்ளே இருப்பது வேறு.

அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு இலங்கை தனக்கென நாணயம் அடிக்கவில்லை. இந்திய வெள்ளி ரூபாயே இங்கும் ஓடியது. அது ஒரு தோலா, 11.66 கிராம். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து ரூபாய்களில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 10.69 கிராம். 1940இலிருந்து ஆறாம் ஜோர்ஜ் ரூபாயில் அது சரிபாதியானது. இங்கிலாந்துக் காசும் அப்படித்தான்: 1919 வரை 925, 1920 முதல் 1946 வரை 500, 1947இலிருந்து வெள்ளியே இல்லை. போர்களின் செலவு காசுக்குள் தெரிகிறது.

எங்கள் முடிச்சில் மிகக் கனமானவை 1957ஆம் ஆண்டின் இரண்டு ஐந்து ரூபாய்கள். புத்த ஜயந்தி 2500 நினைவாக வெளியானவை, 28.28 கிராம், 925 தரம். ஒன்றிலேயே 26 கிராம் வெள்ளி. உள்ளங்கையில் வைத்தால் கை கொஞ்சம் தாழும்.

இனி வழிகளைப் பார்ப்போம். அக்காவின் வழி நகைக்கடை. நல்லது என்னவென்றால் போன அன்றே பணம் கையில் கிடைக்கும். நானும் அக்காவும் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஐந்து பழைய இந்திய ரூபாய், இரண்டு நாற்பதுகளின் ரூபாய், இரண்டு ஐந்து ரூபாய், ஆறு 50 சதம், எல்லாவற்றையும் கடைக்காரர் இரு கையாலும் அள்ளித் தராசுத் தட்டில் குவித்தார். 171 கிராம். "பழைய காசு கலப்படம் அக்கா, பாதி வெள்ளிக்குக் கணக்குப் போடலாம்" என்றார். 85 கிராமுக்கு விலை சொன்னார்.

அக்கா பணப்பையைத் திறந்துவிட்டார். நான்தான் மெல்லத் தட்டை என் பக்கம் இழுத்தேன். வீட்டுக்கு வந்து ஆண்டுவாரியாகப் பிரித்துக் கணக்குப் போட்டால், தேய்மானம் கழித்தும் 138 கிராம் தூய வெள்ளி வருகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கலப்படம் இருப்பது உண்மைதான். ஆனால் மிகக் குறைந்த தரத்தையொட்டி எல்லாவற்றுக்கும் விலை போட்டார். அந்தப் பாதிக் கணக்கில் நாங்கள் இழக்கவிருந்தது 53 கிராம், அதாவது இரண்டு ஐந்து ரூபாய்களிலும் இருக்கும் அவ்வளவு வெள்ளி.

ஆகவே நகைக்கடைக்குப் போவதென்றால் காசை ஆண்டாகவும் தரமாகவும் பிரித்து, தனித்தனிப் பொட்டலமாகக் கொண்டுபோக வேண்டும். போவதற்கு முன் அன்றைய வெள்ளி விலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உலகச் சந்தையில் அது அவுன்ஸ் கணக்கில், 31.1 கிராமுக்கு, டொலரில் சொல்லப்படும். ரூபாய்க்கு மாற்றி 31.1 ஆல் வகுத்தால் ஒரு கிராம் தூய வெள்ளியின் விலை வந்துவிடும். கடை அதைவிடக் குறைத்துத்தான் எடுக்கும், அது நியாயம். எவ்வளவு குறைக்கிறார் என்பது தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

இந்த வழிக்குத்தான் பொருத்தமானவை என்று சில காசுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தலை தேய்ந்து முகம் தெரியாதவை. துளையிட்டவை. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்தவை. அம்மம்மாவின் காசு மாலையிலிருந்து கழன்ற இரண்டு ரூபாய்கள் அப்படிப்பட்டவை. சேகரிப்பாளர் அவற்றைத் திரும்பியும் பார்க்க மாட்டார். உருக்கிப் பேத்திக்குக் கொலுசு செய்தால் அழகாக இருக்கும் என்று அக்கா ஒரு யோசனை சொன்னார். பத்தரின் கூலியும் சேதாரமும் போனால் காசுக்குக் கணக்கு உதைக்கும். பேத்தியின் காலுக்கு உதைக்காது. அது அவர்கள் விருப்பம்.

இரண்டாவது வழி சேகரிப்பாளர். இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். காலையில் கோட்டை சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்துக்கு முதலில் நடந்தேன். விற்பவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். கண்ணாடிக்குள் இருக்கும் காசோடு உங்கள் காசை ஒப்பிட்டால், எது அருமை, எது ஊருக்கெல்லாம் பொது என்று ஓரளவுக்குப் பிடிபடும். எங்களுடையவற்றில் பெரும்பாலானவை பொது என்று அங்கேயே எனக்குக் காற்று இறங்கிவிட்டது.

பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலம் காசு சேர்க்கும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் மேசையில் பச்சைத் துணி விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். காசின் முகத்தைத் தொடவே இல்லை. விளிம்பை மட்டும் இரு விரலால் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். 1893ஆம் ஆண்டு 50 சதத்தை எடுத்ததும் நிமிர்ந்தார்.

"தம்பி, இதை யார் மினுக்கியது?"

நான்தான். பத்து வயதில், தீபாவளிக்குக் குத்துவிளக்கு விளக்கியபோது மிஞ்சிய புளியும் சாம்பலும் கொண்டு தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அம்மா பாராட்டியதுகூட நினைவிருக்கிறது. பெரியவர் கண்ணாடியை என்னிடம் தந்து பார்க்கச் சொன்னார். மகாராணியின் கன்னத்தில் ஒரே பக்கமாக ஓடும் மெல்லிய கீறல்கள். கொண்டையின் மடிப்புகள் வழுவழுப்பாகிப் போயிருந்தன. பக்கத்தில் 1903ஆம் ஆண்டு 50 சதம், எட்வர்ட் தலை, கரிச்சட்டி நிறத்தில் கிடந்தது. ரின்னின் மூலையில் ஒதுங்கியதால் என் புளிக்குத் தப்பியது. கறுப்புக்கு அடியில் தாடியின் மயிர் மயிராகத் தெரிந்தது. "இரண்டிலும் ஒரே வெள்ளிதான். மினுக்கியதற்கு எடை விலை. கறுத்ததற்கு நாலு மடங்கு தருகிறேன்" என்றார்.

வெள்ளி ஆண்டுக்கணக்கில் காற்றோடு உறவாடிக் கறுக்கும் படலத்தைச் சேகரிப்பாளர்கள் காசின் பிறப்புச் சான்றிதழ் போல மதிக்கிறார்கள். பற்பசை, எலுமிச்சை, சவர்க்காரத் தூள், எதுவும் வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

நல்ல நிலையிலுள்ள, குறைவாக அடித்த ஆண்டுக் காசுகளுக்கே சேகரிப்பாளர் வழி பயன்படும். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாய் ஒரு நல்ல உதாரணம். அரசர் அங்கியில் பொறித்த யானை பார்வைக்குப் பன்றி போல இருந்ததால் ஆட்சேபம் கிளம்பி, காசு திருப்பி எடுக்கப்பட்டது. பிந்திய ஆண்டுகளில் துதிக்கையைத் திருத்தினார்கள். "பன்றி ரூபாய்" என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. எங்கள் ஐந்தையும் பூதக்கண்ணாடியால் தேடினேன். 1911 இல்லை. 1912, 1914, 1917. எல்லாம் ஒழுங்கான யானைகள்.

இன்னொரு எச்சரிக்கை. இராமர் பட்டாபிஷேகம் பொறித்து, மறுபக்கம் "கிழக்கிந்தியக் கம்பனி 1818" என்று இருக்கும் காசை யாராவது பெருவிலைக்கு உரியது என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். கம்பனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. எங்கள் சித்தப்பா யாத்திரை போன இடத்தில் வாங்கிவந்தது ஒன்று முடிச்சில் இருந்தது. காந்தத்தில் பாய்ந்து ஒட்டியது.

மூன்றாவது, தம்பியின் வழி: வெளிநாட்டு ஏலம். கேட்க இனிக்கும். ஏல நிறுவனத்தின் தரகு, காப்புறுதி, தரச்சான்று பெறும் செலவு எல்லாம் சேர்ந்தால், பொதுவான காசுக்குக் கைக்கு வருவது நகைக்கடை விலையிலும் குறையலாம். உண்மையிலேயே அரிய காசு ஒன்றிரண்டு இருந்தால் மட்டுமே அந்தச் செலவு தாங்கும். இன்னொரு தடை சட்டம். எங்கள் முடிச்சில் பச்சைப் பாசி படிந்த செப்புக் காசு ஒன்று இருந்தது. அம்மப்பா கிணறு வெட்டியபோது மண்ணிலிருந்து எடுத்தது. அதில் வி.ஓ.சி. என்ற பின்னலெழுத்து. நம்மவருக்கு வ.உ.சிதம்பரனார் நினைவுக்கு வரும். இது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் அடித்த செப்புக் காசுகளில் கம்பனி முத்திரைக்கு மேலே T என்ற எழுத்து இருந்தால் அது திருகோணமலையைக் குறிக்கும். எங்களுடையதில் அந்த இடம் அரித்துப்போயிருந்தது. பாசியைச் சுரண்டிப் பார்க்கக் கை துருதுருத்தது; புளியின் நினைவு வந்து அடக்கிக்கொண்டேன்.

இலங்கைத் தொல்பொருள் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகின்றன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மண்ணுக்குள் கிடந்து கிடைத்தவற்றில் அரசுக்கு உரிமை உண்டு. ஆகவே தம்பி வரும்போது பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகும் திட்டம் அந்தக் காசைப் பொறுத்தவரை அன்றே முடிந்தது. அதைத் தொல்பொருள் திணைக்களத்தில் காட்டுவதென்று தீர்மானித்தோம்.

காசோடு ஒட்டிய கதைக்கும் விலை உண்டு. 1961இல் தெற்கே கிரிந்தைக்கு அப்பால் கிரேட் பாசஸ் கடற்பாறைத் தொடரில் சுழியோடி மைக் வில்சனும் அவரோடு சுழியோடிய இரண்டு சிறுவர்களும் ஒரு கப்பற்சிதைவைக் கண்டார்கள். அதில் கிடைத்த ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் சூரத்தில் அடித்தவை, ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டுக்குரியவை. மூட்டை மூட்டையாகக் கட்டியபடியே பவளத்தோடு இறுகிக் கிடந்தன. வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் எங்கள் கோணேசர் கோயில் மலையடியில் மூழ்கி, கடலுக்குள் கிடந்த கோயில் தூண்களைப் படமெடுத்தவர்கள். ஔரங்கசீப் ரூபாய் தனியே பார்த்தால் அவ்வளவு அரியதல்ல. அந்தக் கப்பலிலிருந்து வந்தது என்ற கதையே அதைத் தூக்கி நிறுத்துகிறது. இதைக் கேட்ட பிறகு, அம்மப்பாவின் பழைய டொக்யார்ட் அனுமதிச் சீட்டைத் தேடியெடுத்து, மாலுமிகளின் ஷில்லிங்குகளோடு ஒரே உறையில் போட்டேன்.

நான்காவது வழி, விற்காமல் வைத்திருப்பது. வெள்ளி விலை ஏறும், காத்திருந்தால் இலாபம் என்பவர்கள் 1980ஐ நினைவில் வைக்கட்டும். அந்த ஜனவரியில் அவுன்ஸ் 50 டொலரைத் தொடும் அளவுக்குப் போனது. மார்ச் இறுதியில் 11 டொலர் அளவுக்குச் சரிந்தது. இலாபத்துக்காக வைத்திருப்பதென்றால் அது முதலீடு. தங்கத்தைப் போல அவசரத்துக்கு அடைவு வைக்கலாமே என்று நினைத்தேன். விசாரித்த இரண்டு இடங்களிலும் தங்கம் மட்டும்தான் என்றார்கள். பிள்ளைகளுக்காக வைத்திருப்பது வேறு கணக்கு. அதற்குத் தராசு தேவையில்லை, ஈரமில்லாத இடமும் தனித்தனிக் காகித உறையும் போதும். கடற்காற்று அடிக்கும் ஊரில் ஈரம்தான் முதல் எதிரி.

காசைத் தவிர்த்த மற்றச் சேகரங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இலங்கையின் முதல் முத்திரை 1857இல் வந்த ஆறு பென்ஸ். 1859ஆம் ஆண்டின் மங்கிய ரோசா நிற நாலு பென்ஸ் உலகப் புகழ் பெற்றது. என் அல்பத்தில் இருப்பவை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கடித உறையிலிருந்து தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றியவை. கிலோக் கணக்கில்கூட ஆள் கிடைக்காது. பாட்டுப் புத்தகங்களில் பாதியை இராமபாணம் தின்றுவிட்டது. மிஞ்சியவற்றை அக்கா இரவில் உரக்கப் படித்துக் கொண்டிருந்தார். விற்பனைப் பேச்சு அத்தோடு நின்றது. சோகிகளும் ஒரு துண்டுப் பவளமும் இருந்த பொட்டலத்தைத் தம்பிக்கு அனுப்ப நினைத்துக் கைவிட்டேன். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு இன்று தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளம் எடுப்பது குற்றம். அந்த நாளில் நாங்கள் பை நிறைய அள்ளிவந்தோம் என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நெஞ்சு வலித்தது ஒரு தாளுக்காக. போர்க்காலத்தில் சில்லறைத் தட்டுப்பாட்டால் 1942இல் ஐந்து சதத் தாள் ஒன்று வெளியானது. நடுவே துளை வரிசை இருக்கும். கிழித்தால் இரண்டு சதமும் மூன்று சதமுமாகப் பிரியும். கிழியாத முழுத் தாள் ஒன்று எங்களிடம் இருந்தது. முன்னொருமுறை ஊருக்கு வந்த தம்பி, பழுதாகக் கூடாதென்ற நல்ல எண்ணத்தில் அதை லமினேட் செய்துவைத்திருக்கிறான். பெரியவர் அதை வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மேசையின் என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

கடைசியில் இப்படிப் பிரித்தோம். வளையம் பற்றவைத்த இரண்டு ரூபாய்கள், தேய்ந்த நாலு 50 சதம், நாற்பதுகளின் இரண்டு ரூபாய்கள், இவை தனித்தனிப் பொட்டலமாக வேறொரு நகைக்கடைக்குப் போயின. கறுத்த எட்வர்ட் பெரியவரிடம் போனது. கிணற்றுக் கட்டுக்குச் சீமெந்தும் மணலும் வந்தன; மேசன் கூலிக்கு அக்கா கைக்காசு போட்டார். 1957ஆம் ஆண்டு ஐந்து ரூபாய்களில் ஒன்று தம்பிக்கு, ஒன்று எனக்கு. மினுக்கிய விக்டோரியாவையும் நானே எடுத்துக்கொண்டேன். வேறு யார் எடுப்பார்கள்?

அக்காவுக்கு இரட்டிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மிச்ச ரூபாய்களை அவர் முன் நகர்த்தினேன். அவர் முடிச்சைக் கிளறிக் கிழக்காபிரிக்க ஷில்லிங்கைத் தேடினார். மலைகளுக்கு முன்னே சிங்கம் நிற்கும் காசு. சின்ன வயதில் மூவரும் அதற்காகத்தான் அடிபட்டோம்; அதைவிடப் பெறுமதியான காசு உலகத்தில் இல்லை என்று அக்கா எங்களை நம்பவைத்திருந்தார்.

"அக்கா, அதில் கால்பங்குதான் வெள்ளி. இருப்பதிலேயே மட்டம் அதுதான்" என்றேன்.

"அது உன் தராசுக்கு" என்று சொல்லிவிட்டு, சிங்கத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தேநீர் போடப் போனார்.